சந்திப் பேக்கரியின் ரோஸ் பாண்: சில வருடங்கள் சாப்பிட்டபின் எழுதுவது

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருக்கும் ஒழுங்கை முடிகிற சந்தியில் ஒரு பழைய பேக்கரி இருக்கிறது. விறகுப் போறணை. கொழும்பிலிருந்து இங்கே குடிவந்த நாள்முதல் எங்கள் வீட்டுக்குப் பாண் அங்கேயிருந்துதான் வருகிறது. முதல் வாரத்து மயக்கமெல்லாம் தெளிந்து கனகாலம் ஆகிவிட்டது. அதனால் குறையையும் சேர்த்தே எழுதலாம்.

தகர அச்சில் போட்டு வேகவைக்கும் அச்சுப் பாணுக்காக அங்கே போகத் தேவையில்லை. அது எங்கே வாங்கினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்தக் கடையின் சரக்கு ரோஸ் பாண். தட்டையாக, மேலும் கீழும் முறுகி இருக்கும். கையால் பிய்த்தால் தோல் நொறுங்கி மடியெல்லாம் கொட்டும்; உள்ளே வெள்ளைப் பகுதி நூல் நூலாக இழுபட்டு வரும். அடியில் அங்கங்கே கறுப்பு, சிலவேளை கொஞ்சம் சாம்பல். தட்டிவிட்டுச் சாப்பிடுகிறோம்.

ஒருநாள் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். போறணைக்குள்ளேயே விறகை அடுக்கி எரிக்கிறார்கள். செங்கல் சூடேறியதும் தணலை இழுத்து ஒதுக்கிவிட்டு, நீளக் கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைக்கிறார்கள். சாம்பலும் போகும், ஆவியும் கிளம்பும். பிறகு மாவை உள்ளே தள்ளி வாயை மூடிவிட்டால், நெருப்பே இல்லாமல் செங்கல்லில் தேங்கிய சூட்டிலேயே பாண் வேகிறது. ஆவி இருக்கும்வரை மேல்தோல் இளக்கமாக இருந்து மா நன்றாக எழும்பும். ஆவி போனபின் முறுகும். இதில் சூட்டைப் பார்க்க மீற்றர் ஏதும் இல்லை. போறணைக்காரரின் கைப்பழக்கம்தான் எல்லாம். ஆகவே ஒருநாள் பொன்னிறம், இன்னொருநாள் கருகல். உப்பும் அப்படித்தான், சில நாள் கையை மறந்து போட்டதுபோல் இருக்கும்.

சுடச்சுட வாங்கியதும் வெட்டத்தான் ஆசை வரும். "தங்கச்சி, கொஞ்சம் ஆறவிட்டு வெட்டுங்கோ, இல்லாட்டி களியாப் போயிடும்" என்று பேக்கரி அண்ணை சொன்னது முழு உண்மை. உள்ளிருக்கும் மாச்சத்து ஆறினால்தான் இறுகும். அதற்கு முன்னால் கத்தி வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். பொறுமை இல்லாதவர்கள் கத்தியை விட்டுவிட்டுக் கையால் பிய்க்கலாம், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிக் கடதாசிப் பையில் வாங்குங்கள். வீடு வந்து சேரும் நேரத்துக்குள் பிளாஸ்டிக்குக்குள் வியர்த்து, முறுகல் முழுதும் போய்விடும்.

அடுத்த நாளுக்கு மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் பாண் வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துவிடும். உறைபெட்டியில் வைத்தால் பரவாயில்லை. நான் செய்வது, இரண்டு பக்கமும் தண்ணீர் லேசாகத் தெளித்துத் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடாக்குவது. கடைசி நிமிடம் மூடியை எடுத்துவிட வேண்டும். புதுப் பாண் ஆகாது, ஆனால் பருப்புக் கறிக்குப் போதும். புதுப் பாணுக்கு என் கட்சி சம்பல்தான்: செத்தல் மிளகாயோடு இடித்து, தேசிக்காய்ப் புளி தூக்கலாக விட்டது. ஆட்டிறைச்சிக் குழம்பு என்று வீட்டுக்காரர் வாதாடுவார்.

2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் இல்லை, டீசலும் இல்லை என்று பல பேக்கரிகள் திண்டாடின. இங்கே விறகு இருந்தது, மாதான் தட்டுப்பாடு. கோதுமை மா கிடைத்த நாளெல்லாம் போறணை எரிந்தது. விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதை இன்றுவரை யாரும் பழைய இடத்துக்கு இறக்கவில்லை.

நிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் போட்டது. அதற்குப் பிறகு வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அச்சுப் பாண் பெரும்பாலும் சரியாக நிற்கும். ரோஸ் பாண் சில நாள் குறைகிறது. கேட்டால், முறுகும்போது தண்ணீர் கூட வற்றுகிறது என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு, ஆனால் அதைக் கணக்குப் பார்த்து மாவைக் கொஞ்சம் கூட வைக்கலாம்தானே?

பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வாசலுக்கே வரும் சூன் பாண் ஓட்டோவையும் நாங்கள் நிறுத்துவதுண்டு, பீத்தோவன் பாட்டுக் கேட்டால் சின்னவன் ஓடிவிடுவான். அது பணிஸுக்குச் சரி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர் சுற்றி வரும் ரோஸ் பாண் துணிபோல ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குச் சான்ட்விச் செய்பவர்களுக்கும் ரோஸ் பாண் சரிவராது. அதற்கு அச்சுப் பாணை வாங்குங்கள்.

பின்னேரச் சுடு பாண் நாலு மணியளவில் போறணையிலிருந்து இறங்கும். ஐந்தைத் தாண்டிப் போனால் தட்டில் முதலை வடிவக் கிம்புலா பணிஸ் மட்டும்தான் கிடக்கும்.