திருகோணமலையில் கப்பல் நிற்கும் பகலில் வன்னிக்கு வான் பிடிக்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து உல்லாசக் கப்பலில் வரும் எங்கள் சொந்தங்களுக்காக இதை எழுதுகிறேன். கப்பல் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும். அந்தப் பகலுக்குள்ளேயே வன்னிக்குப் போய், ஊரைப் பார்த்து, வீட்டில் சாப்பிட்டு, கப்பல் வெளிக்கிடமுன் திரும்பலாம் என்று யாராவது உங்களுக்குப் பயணம் விற்றால் காசு கட்டாதீர்கள். என் அக்காவும் அத்தானும் கட்டினார்கள். ஆளுக்கு 160 அமெரிக்க டொலர், முழுவதும் முற்பணம். வன்னியில், முல்லைத்தீவுக்குப் பக்கத்தில், முள்ளியவளையில் இருக்கும் எங்கள் வீட்டுப் படலையைக்கூட அவர்கள் காணவில்லை. அம்மாவை அக்கா கண்டது புளியங்குளத்தில், ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில், அரை மணித்தியாலத்துக்கும் குறைவாக.

விற்றது கொழும்பில் இருக்கும் ஒரு பயண முகவர் நிலையம். பெயரை இங்கே எழுதவில்லை. அத்தான் வங்கியிலும் வேறு இடங்களிலும் முறையிட்டிருக்கிறார், அது முடியட்டும். இதே பயணத்தை வேறு பெயர்களிலும் விற்கிறார்கள் என்று கேள்வி. ஆகவே பெயரை விட அது எப்படி விற்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பிரயோசனம்.

அக்கா வந்த கப்பல் கொழும்பு, திருகோணமலை, பிறகு தாய்லாந்து என்று போவது. திருகோணமலையில் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும், எல்லோரும் 5.30க்குள் ஏறியிருக்க வேண்டும். கப்பல்காரரே ஒழுங்கு செய்த கரைப் பயணங்களில் நகரைச் சுற்றுவதும் சீகிரியாவுக்குப் போவதும்தான் இருந்தன. வன்னி இல்லை. அது ஏன் இல்லை என்று அத்தான் ஒருதரம் யோசித்திருந்தால் போதும் என்று அக்கா இப்போது சொல்கிறா. நான் அத்தானைக் குறை சொல்லமாட்டேன். அந்த முகவர் அனுப்பிய தாளைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். 8.15 புறப்பாடு, 10.30 வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், 11.30 வீடு, மதியச் சாப்பாடு, 2 மணிக்குத் திரும்பல், 4.30 துறைமுகம். தூரம் 100 கிலோமீற்றர், கடற்கரை வீதி. கீழே தடித்த எழுத்தில், "கப்பலுக்குத் திரும்புவதற்கு உத்தரவாதம்."

நாங்கள் முதலே கேட்டது வேறு. அம்மாவை முந்தின நாளே திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஓர் அறையில் தங்குகிறோம், நீங்கள் இறங்கினதும் பகல் முழுவதும் ஒன்றாக இருக்கலாம் என்று சொன்னோம். அக்காவுக்கு வீட்டைப் பார்க்க ஆசை. வற்றாப்பளைக்கு ஒரு நேர்த்தியும் கிடந்தது. கையில் அப்படி ஒரு தாள் இருக்கும்போது யார் வேண்டாமென்பார்?

அந்த 100 கிலோமீற்றரைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாற்றின் வேர் அங்கேதான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருகோணமலையும் முல்லைத்தீவும் ஒரே கிழக்குக் கரையில் கிடக்கின்றன. நேர்கோட்டில் 90 கிலோமீற்றர் அளவுதான் வரும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரை வீதியும் நன்றாகப் போகிறது. அதற்கு அங்கால் கொக்கிளாய்க் கடலேரி குறுக்கே கிடக்கிறது. முகத்துவாரத்தின் மேலால் வான் ஓடப் பாலம் இல்லை. பாலம் கட்டித் தாருங்கள் என்று இரு பக்கத்துச் சனமும் கேட்டுக் களைத்துவிட்டது. கடலேரியை உள்ளால் சுற்றிப் போகலாம்தான், ஆனால் திரும்பிவரும் நேரத்தை மணிக்கூடு பார்த்து எண்ணுகிற ஒருவர் அந்தப் பக்கம் போகமாட்டார். வான் ஓட்டிவந்த அண்ணை ஹொரவப்பொத்தான, வவுனியா பாதையையே எடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அப்படிப் போனால் வவுனியாவுக்கு 95 கிலோமீற்றர் அளவு. அங்கிருந்து புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் என்று எங்கள் வீட்டுக்கு இன்னும் 75. ஆக ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 170 கிலோமீற்றர். ஊருக்கு வெளியே மணிக்கு 70, ஊருக்குள் 50 என்பதுதான் சட்டம். மாடு, உழவு இயந்திரம், பாடசாலைப் பிள்ளைகள், சந்திக்குச் சந்தி பொலிஸ், எல்லாம் கணக்கெடுத்தால் நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும்.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் 8 மணிக்கு வந்தது உண்மை. அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கப்பலின் சொந்தப் பயணங்களுக்குப் பதிந்தவர்களை முதலில் இறக்கி, பிறகு மற்றவர்கள் இறங்கும்போது 8.50. முகவரின் வான் துறைமுகத்துக்குள் வரவில்லை, வெளி வாசலில் நின்றது. "தனி வான்" என்று எழுதியிருந்த வானுக்குள் இன்னொரு சோடி ஏறியிருந்தது. அவர்கள் வாங்கியது திருகோணமலைச் சுற்று. அவர்களைக் கோணேசர் கோயிலடியில் இறக்கி, பிறகு ஒரு மாணிக்கக் கடையில் "பத்து நிமிடம்" என்று அரை மணித்தியாலம் நின்று, நகரத்தை விட்டு வெளிக்கிட 10 மணி. அத்தான் கடைக்குள் போகமாட்டேன் என்றாராம். ஓட்டுநர் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்கள் வாங்கவேண்டாம், உள்ளுக்குப் போய் நின்றாலே போதும். போகாவிட்டால் எனக்குத்தான் பேச்சு விழும்." அந்த மனிசனில் எனக்குக் கோபமில்லை. முல்லைத்தீவு ஓட்டம் என்று அவருக்கே அன்று விடியத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து அக்கா தொலைபேசி எடுக்கும்போது 12.10. இங்கே அம்மா நண்டுக் குழம்பும் வைத்து, முற்றமும் கூட்டி, சேலையும் மாற்றிக்கொண்டு இருக்கிறா. நான் கணக்குப் பார்த்தேன். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் வந்தால் 1.40. கதவைத் தட்டிவிட்டு உடனே திரும்பினாலும் துறைமுகத்துக்கு 5.40. கப்பலில் ஏறும் நேரம் முடிந்திருக்கும். முகவர் நிலையத்துக்கு எடுத்துக் கேட்டால், "கொஞ்சம் வேகமாக ஓடினால் சரி, பயப்படாதீர்கள்" என்கிறார் ஒரு தம்பி. கொழும்பிலே இருந்துகொண்டு. அக்காவிடம் வீட்டுக்கு வரவேண்டாம், புளியங்குளம் வரை மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, குழம்பைச் சட்டியோடு துணியால் கட்டி, பக்கத்து வீட்டுக் காரில் அம்மாவை ஏற்றினேன்.

அந்தச் சந்திப்பை நான் விவரிக்கப்போவதில்லை. அக்கா காரிலேயே இருந்து நாலு வாய் சாப்பிட்டா. அம்மா அத்தானிடம் "ஏன் தம்பி இவ்வளவு காசு குடுத்து றோட்டில நிக்கிறியள்" என்று கேட்டா. அவருக்குப் பதில் இல்லை.

திரும்பும்போது இன்னொரு வேலை. காலையில் இறக்கிய சோடியைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் ஏற்றச் சொல்லி முகவர் கட்டளை. அவர்கள் குளித்து முடியும்வரை வான் நின்றது. துறைமுக வாசலுக்கு வர 5.05, அங்கே சோதனை, நடை. கப்பல் படியில் கால் வைக்க 5.20. கப்பலைத் தவறவிட்டிருந்தால்? கப்பலின் சொந்தப் பயணம் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாரிடம் வாங்கிய பயணம் பிந்தினால் படியைத் தூக்கிவிட்டுப் போய்விடும். கட்டுநாயக்கா போய், தாய்லாந்துக்கு விமானம் எடுத்து, எல்லாம் சொந்தச் செலவில். முகவரின் "உத்தரவாதம்" அந்தச் செலவுக்கு இல்லை என்று ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்ததை அக்கா கப்பலுக்குள் போய்த்தான் கண்டா.

மாணிக்கக் கடையும் மற்றச் சோடியும் இல்லாவிட்டால் சரிவந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த எண்ணம்தான். கேட்கிற எல்லோரும் அதையே சொல்கிறார்கள். பத்து மணித்தியாலம் கப்பல் நின்றது. இறங்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். கடைசியில் ரயர் காற்றுப் போகலாம், மரம் விழலாம் என்று இரண்டு மணித்தியாலம் ஒதுக்கவேண்டும். தனியார் வானில் வருபவர் இதில் குறைக்கவே கூடாது. மிச்சம் ஏழு. ஓட்டம் மட்டும் எட்டு. எந்த ஓட்டுநராலும் ஒழுங்காகச் செய்யமுடியாத பயணத்தைத்தான் அவர்கள் விற்றார்கள். என் கருத்தில், அந்த ஏழில் பாதிக்கு மேல் வீதியில் போகுமென்றால் எந்தக் கரைப் பயணமும் காசுக்குப் பெறுமதியில்லை. இடத்தைப் பார்க்கப் போகிறவர் வானின் யன்னலைப் பார்த்துவிட்டு வருவார்.

சீகிரியா அந்த எல்லையில் நிற்கிறது. சுமார் 100 கிலோமீற்றர். முன்பு பார்த்திராதவர், முழங்கால் நல்லதென்றால், கப்பலின் பஸ்ஸிலேயே போகட்டும். விலை கூடத்தான், அந்தக் கூடுதல் காசு கப்பல் உங்களை விட்டுப் போகாது என்பதற்கு. சின்னத் தூரத்துக்கு அந்தக் காசு தேவையில்லை. கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி எல்லாம் ஓட்டோவிலேயே முடியும்.

எங்கள் ஆட்களுக்கு இது போதாது என்று தெரியும். சீகிரியாவா எங்களுக்கு வேண்டும், ஊர்தானே. அப்படியென்றால் ஊர் உங்களிடம் வரட்டும். நாங்கள் முதலில் கேட்டதுதான்: வயதானவரை முந்தின நாளே ஆறுதலாகக் கூட்டிவந்து தங்கவைத்தால் எட்டு மணித்தியாலம் முழுசாகக் கிடைக்கும். செலவும் அந்த 320 டொலரில் ஒரு பங்குதான். காங்கேசன்துறையில் நிற்கும் கப்பல் என்றால் கதை வேறு. சென்னையிலிருந்து 2023இல் ஒரு கப்பல் அங்கே வந்தது. அங்கிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு இரண்டு மணித்தியாலம் அளவு. ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்து ஆட்களுக்கு அது சரிவரும். முல்லைத்தீவுக்காரருக்கு அப்போதும் இறுக்கம். கார்த்திகை, மார்கழியில் எந்தத் துறையிலிருந்தும் வேண்டாம். குளங்கள் நிரம்பி வான்பாய்ந்தால் எந்தப் பாதை திறந்திருக்கும் என்று எங்களுக்கே விடிந்தால்தான் தெரியும். இருட்டுப்பட்டால் ஹொரவப்பொத்தானப் பக்கம் யானை.

இன்னொன்று: "5.30" என்பது கப்பலின் மணிக்கூடா, இலங்கை மணிக்கூடா என்று இறங்கமுன் கேளுங்கள். கீழ்த்திசையிலிருந்து வரும் சில கப்பல்கள் தங்கள் நேரத்தை மாற்றாமலே நிற்கும்.

காசு திரும்பவில்லை. "பாதியில் திரும்பியது உங்கள் விருப்பம்" என்று பதில் வந்தது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கத்தைக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. அந்தச் சபையின் இலக்கம் 1912, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977, இரண்டுக்கும் சொல்லியாயிற்று. அத்தான் கடனட்டையில் கட்டியதால் கனடா வங்கியிலும் அந்தக் கட்டணத்துக்கு மறுப்புப் போட்டிருக்கிறார். அந்த 100 கிலோமீற்றர் தாள்தான் அவருடைய முதல் சாட்சி. உங்களுக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், காசு கட்டமுன் எந்தப் பாதையால் போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கொக்கிளாயால் என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடலாம்.