பீக் புளோ மீற்றர்: முட்டுக்காரர் வீட்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எண்ணை எழுதக் கொப்பியும் பேனையும் கூடவே இருந்தால் மட்டும். முட்டு (ஆஸ்துமா) உள்ளவர் எவ்வளவு வேகமாக மூச்சை வெளியே ஊதுகிறார் என்று அளக்கும் சின்னக் கருவி இது. அலுமாரியில் வைத்து, முட்டு வரும்போது மட்டும் எடுத்து ஊதுவதற்கென்றால் காசு வீண்.

பற்றரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குழல், உள்ளே உந்தியும் (பிஸ்டன்) சுருள்வில்லும், வெளியே ஓர் ஊசி. ஊதும் காற்று உந்தியைத் தள்ள, ஊசி போன இடத்திலேயே நிற்கும். அளவு நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று வரும். தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்த நிலையத்தில் வேலை செய்த பி. எம். ரைட் உருவாக்கியது இது. 1959-இல் வெளியான முதற்கருவி பெரியது. கைக்கடக்கமான மினி ரைட் 1970-களில் வந்தது. மூச்சில் மதுவை அளக்கும் கருவியும், மருந்தை மெல்லமெல்லச் செலுத்தும் சிரிஞ்ச் டிரைவரும் அதே மனிதரின் வேலைதான்.

ஆஸ்பத்திரி வீதிப் பாமசிகளில் கேட்கும்போது பெரியவருக்கா பிள்ளைக்கா என்று சொல்லிக் கேளுங்கள். பெரியவருக்கு 800 வரை போகும் அளவுகோல்; சின்னப் பிள்ளைக்கும் மிகக் குறைவாக ஊதுபவருக்கும் 400 வரை உள்ளது. பெட்டியில் ஐஎஸ்ஓ 23747 என்ற சர்வதேசத் தர எண் இருக்கிறதா பாருங்கள். பழைய அளவுகோல் கருவியின் எண்ணையும் புதியதின் எண்ணையும் ஒப்பிடக் கூடாது. ஒருவருக்கு ஒரே கருவிதான். ஐந்து வயதுக்குக் கீழ் வாங்கிப் பயனில்லை, பிள்ளை ஒழுங்காக ஊதாது.

ஊசியைக் கீழே இறக்கி, நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிரம்ப மூச்செடுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரே வீச்சில் ஊத வேண்டும். நீட்டி ஊதத் தேவையில்லை, முதல் வீச்சின் வேகம்தான் கணக்கு. மூன்று தரம் ஊதி, கூடியதை எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். விரல் ஊசியின் வழியை மறித்தாலும், நாக்கு குழல் வாயை அடைத்தாலும் எண் குறையும். கன்னத்தை உப்பித் துப்புவதுபோல ஊதினால் எண் பொய்யாக ஏறும். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவியபின் உள்ளே ஈரம் நின்றாலும் எண்ணை நம்ப முடியாது.

விடியவும் பின்னேரமும், பம் (இன்ஹேலர்) அடிக்க முன், இரண்டு கிழமை எழுதுங்கள். ஏன் இரண்டு நேரம்? மூளையிலிருந்து நெஞ்சுக்கு வரும் வேகசு நரம்பின் கை இரவில் ஓங்கும். அது விடும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கும். வீக்கத்தை அடக்கும் கோட்டிசோல் ஓமோனும் நடுச்சாமத்தில் குறைந்திருக்கும். அதனால் விடியப்புறம் எண் விழும். விஞ்ஞானி ஒட்டோ லோவி 1921-இல் தவளை இதயத்தில் கண்ட இரசாயனம்தான் இந்த அசற்றைல்கோலின். இப்ராற்றோப்பியம் என்ற முட்டு மருந்து தடுப்பதும் அதைத்தான். விடிய 320, பின்னேரம் 400 என்றால் வித்தியாசம் 80, சராசரி 360: 22 வீதம். இப்படி நாளாந்தம் கணக்கிட்டு வரும் இரண்டு கிழமைச் சராசரி பெரியவருக்கு 10 வீதத்தைத் தாண்டினால், அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். புகையிலைக் குடிலிலோ அரவை ஆலையிலோ வேலை செய்பவர் நாளுக்கு நாலு தரமாவது, லீவு நாளிலும் சேர்த்து எழுதினால் வேலைத்தலமா காரணம் என்பதும் தெரியவரும்.

உங்கள் அதிகூடிய எண் 400 என்றால், அதன் 80 வீதமான 320-க்குக் கீழே கவனம். பாதியான 200-க்குக் கீழே இறங்கினால், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூற்றமோல் பம்மை அடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. கொரோனா காலத்தில் வாங்கிய ஒக்சிமீற்றர் இருக்கிறதே என்று கேட்கலாம். முட்டில் ஒட்சிசன் இறங்குவது கடைசியில்தான்; அதற்கு முன்பே இந்த ஊசி இறங்கிவிடும்.

நெடுங்காலம் சுருட்டுக் குடித்து, படியேற இளைப்பவருக்கு இது போதாது. அவர்களுக்கு எண் ஓரளவு நன்றாகவே வந்து ஏமாற்றும். மூச்சின் அளவையும் வேகத்தையும் சேர்த்து அளக்கும் ஸ்பைரோமீற்றரில் ஊதிப் பார்க்க வேண்டும்.