இலவச ஹீற்றிங் என்று கதவு தட்டுகிறார்களா? லண்டன் ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கம் இருப்பவர்கள் வாசிக்கவும்

வீட்டில் பென்ஷன் கிரெடிட் அல்லது யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிப்பணம்) எடுக்கிற பெரியவர்கள் இருந்தால் இதைப் பொறுமையாக வாசியுங்கள். என் மாமி வீட்டில் நடந்தது. முறைப்பாடு இன்னும் முடியவில்லை, அதனால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோசனம் இல்லை, இப்படியான ஆட்கள் பெயர் மாற்றிக்கொண்டு வருவார்கள்.

மாமி தனியாக இருக்கிறார். ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடு, சமையலுக்கு காஸ், குளிருக்கு மட்டும் அந்தக் காலத்து ஸ்டோரேஜ் ஹீற்றர்கள். இரவு மலிவு மின்சாரத்தில் சூடேறி, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விடுகிற கனத்த பெட்டிகள், பின்னேரம் ஆனால் ஆறிப்போய்விடும். போன குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு தமிழ்ப் பொடியன் கையில் டப்லெட்டோடு வந்து, “அன்ரி, பொய்லரும் ரேடியேற்றரும் அரசாங்கம் சும்மா தருது, நீங்கள் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை” என்றிருக்கிறான். தமிழில் கதைத்ததால் மாமி தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்து, பென்ஷன் கிரெடிட் கடிதத்தையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். அவன் அதைப் படம் எடுத்தான், டப்லெட்டில் விரலால் நாலைந்து இடத்தில் ஒப்பம் வாங்கினான், போய்விட்டான்.

இதில் வில்லங்கம் என்னவென்றால் திட்டம் உண்மைதான். ஈகோ 4 என்று 2022இல் தொடங்கியது. வருமானம் குறைந்தவர்களின், ஈபீசி (வீட்டின் எரிசக்திச் சிக்கனச் சான்றிதழ்) தரம் டி முதல் ஜி வரை உள்ள சொந்த வீடுகளுக்கு இன்சுலேஷனும் (சூடு வெளியே போகாமல் தடுக்கிற படை) ஹீற்றிங்கும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது பெரிய மின்சார, காஸ் கம்பனிகளின் கடமையாக இருந்தது, மின்சார, காஸ் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஓஃப்ஜெம் அதை மேற்பார்த்தது. அந்தக் காசை கம்பனிகள் எல்லாருடைய பில்லிலும் போட்டுத்தான் எடுத்தன. அதாவது மாமியும் கட்டியிருக்கிறார். “சும்மா தாறாங்கள் தம்பி, குறை சொன்னால் நல்லாவா இருக்கும்” என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டின் தரம் எவ்வளவு ஏறியது என்று கடதாசியில் காட்டுகிறார்களோ அதற்கேற்பத்தான் வேலை செய்கிறவர்களுக்குக் காசு. ஆகவே அவர்களுக்குக் கடதாசி முக்கியம், வீடு சூடாகிறதா என்பது பிறகு.

வேலை தொடங்கிய நாளே பழைய ஹீற்றர்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கூரைக்குக் கீழே உள்ள லொஃப்டில் இன்சுலேஷன் விரித்தார்கள், ரேடியேற்றர்களைச் சுவரில் மாட்டினார்கள், பொய்லரும் குசினிச் சுவரில் ஏறியது. அப்புறம் ஆளைக் காணோம். போன் பண்ணினால் “காஸ் எஞ்சினியர் அடுத்த கிழமை” என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில். மாமி இரண்டு சின்ன ஃபான் ஹீற்றரை வைத்துக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டினார். மீற்றர் இன்னும் எக்கொனமி 7இல் இருந்தது, அதில் இரவு விலை குறைவு, பகல் விலை கூட, பகல் முழுக்க ஃபான் ஹீற்றர் ஓடினால் பில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் “கிராண்டைக் குறைத்துவிட்டார்கள், மிச்ச வேலைக்கு 800 பவுண்ஸ்” என்று ஒரு மெசேஜ் வந்தது. வீட்டுக்காரர் ஒரு பங்கு கொடுக்க வேண்டி வருவது உண்டுதான், ஆனால் அதை ஹீற்றரைக் கழற்ற முன் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நான் காஸ் சேஃப் (காஸ் வேலை செய்கிறவர்களின் சட்டப்படியான பதிவு) அட்டை உள்ள ஒருவரை, எங்களுக்குத் தெரிந்தவர், கூட்டிக்கொண்டு போனேன். மீற்றரிலிருந்து பொய்லர் வரை 15 மில்லிமீற்றர் குழாயையே இழுத்திருந்தார்கள், அந்தத் தூரத்துக்கு 22 வேண்டும், பொய்லர் முழுதாக எரியும்போது காஸ் அழுத்தம் விழுந்துவிடும், இதை நான் ஓட வைக்க மாட்டேன் என்றார். பிறகு லொஃப்டுக்குள் ஏறி டோர்ச் அடித்தோம். கூரை ஓரத்தில் காற்றுப் போக விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்து இன்சுலேஷனைத் திணித்து அடைத்திருந்தார்கள். மேலே நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளின் முனையில் எல்லாம் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர். கீழே சாமித் தட்டுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம். குளியலறைக்குப் புது ஃபான் போட வேண்டும், இன்சுலேஷன் போடுகிற வீட்டில் காற்றோட்டத்தையும் சரிசெய்வது பாஸ் 2035 தரவிதி. ஃபானுக்கென்று ஒரு ஓட்டையும் அதிலிருந்து தொங்குகிற வயரும்தான் இருந்தன.

இவ்வளவுக்கும், கேட்டு வாங்கிய கடதாசியில் வேலை திருப்தியாக முடிந்தது என்று மாமியின் ஒப்பம்! பொய்லர் சுவரில் ஏற முந்தைய தேதி. பொடியன் வந்த அன்று டப்லெட்டில் வாங்கியது.

மாமி வீடு மட்டும் என்றில்லை. 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஈகோ 4உம் அதோடு சேர்ந்த இன்னொரு திட்டமும் போட்ட வெளிச்சுவர் இன்சுலேஷனில் 98 வீதமானவற்றில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள், உட்சுவரில் 29 வீதம். 5,600 முதல் 16,500 வரையான வீடுகளுக்கு வேலை செய்தவர்கள் பொய்க் கணக்குக் காட்டியிருக்கலாம் என்பது ஓஃப்ஜெம்மின் மதிப்பீடு. அனுபவமில்லாத ஆட்களிடம் வேலையைக் கைமாற்றிக் கைமாற்றி விட்டதும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே யாராவது வந்தால் ட்ரஸ்ட்மார்க் (வீட்டு வேலை நிறுவனங்களுக்கான, அரசாங்கம் ஏற்ற பதிவு) இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரையும், காஸ் வேலை செய்கிறவரின் அட்டை எண்ணை காஸ் சேஃப் தளத்திலும் நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் காட்டுகிற படத்தை நம்ப வேண்டாம். எந்த மின்சாரக் கம்பனியின் காசில் செய்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இதற்குத்தான் பலர் நழுவுவார்கள். புது ஹீற்றிங் ஓடுகிற நாள் நிச்சயமாகாமல் பழையதில் கை வைக்க விடாதீர்கள், ரேடியேற்றரைத் தொட்டுச் சூடு பார்க்காமல் முடிந்தது என்று ஒப்பம் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் என்றால் இது இன்னும் கட்டாயம்.

எங்கள் விஷயத்தில், நிறுவனத்துக்கு எழுதிப் பதில் இல்லாததால் ட்ரஸ்ட்மார்க் வழியாகவும், காசு கொடுத்த மின்சாரக் கம்பனிக்கும் படங்களோடு எழுதினோம். கம்பனி வேறு ஆட்களை அனுப்பிக் குழாயை மாற்றியது, பொய்லர் இப்போது ஓடுகிறது, 800 பவுண்ஸ் கொடுக்கவில்லை. லொஃப்டும் ஃபானும் பூஞ்சணமும் அப்படியேதான்.

2025 நவம்பர் பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தை முடித்துவிடப்போவதாக அறிவித்ததிலிருந்து “கடைசிச் சான்ஸ் அன்ரி” என்று அவசரப்படுத்துவது கூடியிருக்கிறது. மாமியிடம் ஒப்பம் வாங்கிய அதே பொடியனைப் போன கிழமை எங்கள் தெருவிலேயே கண்டேன். இந்த முறை சோலார் பனல் இலவசமாம்.