மிட்சுரு இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறாள்

அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, பெர்சோனா 3 ரீலோட் பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" உடனே பதில் சொல்ல வரவில்லை. பள்ளி மாணவர்கள் இரவில் அரக்கர்களோடு மோதும் பழைய ஜப்பானிய வீடியோ கேமின் புது வடிவம் அது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த வாரமே வாங்கியவன் நான். இரண்டு முறை முழுதாக முடித்திருக்கிறேன். ஆனாலும் அவனிடம் என்ன சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூல விளையாட்டு 2006-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு (பிஎஸ்2) வந்தது. என் கைக்குக் கிடைத்தது அதற்குப் பின் வந்த ஃபெஸ் பதிப்பு, 2009-இல், கல்லூரி முதலாண்டில். கதையும் அதே 2009 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. திரை மூலையில் நகரும் தேதியும் எங்கள் வீட்டுச் சுவர்க் காலண்டரும் ஒரே வருடத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. பகலில் கெக்கோகான் பள்ளி, நள்ளிரவில் அதே பள்ளி டார்டாரஸ் கோபுரமாக மாறும். 250-க்கும் மேற்பட்ட மாடிகள்.

அந்தப் பழைய விளையாட்டில் நாயகன் ஒருவனை மட்டும்தான் நாம் இயக்க முடியும். கூட வருகிற மூன்று பேருக்கும் ஆளுக்கு ஓர் உத்தி சொல்லலாம்: முழு பலத்தோடு அடி, சக்தியைச் சேமி, காயத்தைக் கவனி. அதற்கு மேல் அவரவர் இஷ்டம். பனி மந்திரக்காரி மிட்சுருவை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ், அதாவது கட்டத்தின் பெரிய எதிரி, விழப்போகும் நேரம், ஒரே ஒரு அடி போதும் என்றிருக்கும்போது, 'மாரின் கரின்' போடுவாள். எதிரியை மயக்குகிற மந்திரம். பாஸ் அதற்கெல்லாம் மயங்காது. அவள் முறை வீண், அடுத்த அடியில் நாயகன் விழுவான். நாயகன் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. ஒரு மணி நேர உழைப்பு போய்விடும். கன்ட்ரோலரை வைத்துவிட்டு மொட்டைமாடியில் போய் நின்ற இரவுகள் உண்டு.

ரீலோடில் இந்தத் தொல்லை இல்லை. நால்வரையும் நானே இயக்கலாம். பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பிலேயே வந்துவிட்ட வசதிதான், நான் அதை ஆடியதில்லை. முன்பெல்லாம் கோபுரத்தில் நேரம் ஆக ஆகத் தோழர்கள் களைத்துப்போவார்கள், சில நாள் உடம்பு சரியில்லை என்று வரவே மாட்டார்கள். அந்தக் களைப்பையும் எடுத்துவிட்டார்கள். மந்திர சக்தி இருக்கும்வரை ஒரே இரவில் ஏறிக்கொண்டே போகலாம். முதல் பத்து மணி நேரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிட்சுரு நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன பனியைப் பொழிந்தாள்.

பிறகு மே மாதப் பௌர்ணமி வந்தது, மோனோரயில் கட்டம். தோழன் ஜுன்பேய்க்கு, நாயகன் தலைவனாக இருப்பதில் பொறாமை. உன் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும் என்று முறைத்துக்கொண்டு தனியாக முன்னே ஓடிவிடுவான். ஓடிப்போய் அவனைச் சேர்ந்ததும் சண்டை. அந்தச் சண்டையில், இவ்வளவு முறைப்பும் காட்டிய ஜுன்பேய், நான் அழுத்திய பொத்தானுக்கு அடங்கி வாளை வீசுகிறான்! பழைய விளையாட்டில் கதையில் முரண்டு பிடித்தவன் சண்டையிலும் முரண்டு பிடிப்பான். இரண்டும் ஒரே ஆள். இங்கே கதையில் ஒருவன், களத்தில் வேறொருவன். அன்றிலிருந்து இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. மிட்சுருவின் முட்டாள்தனமான மந்திரத்தைத் திட்டிய நானே, அவள் அதைத் தானாகத் தேர்ந்தெடுத்தாள் என்பதால்தான் அவளை ஓர் ஆளாக நினைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அமைப்பை மாற்றிப் பழையபடி தோழர்களைத் தாமாக ஆடவிடலாமே என்பீர்கள். இரண்டாம் முறை அப்படித்தான் ஆடினேன். ஆனால் நிலைமை மோசமானால் கை தானாக அமைப்பைத் திருப்பப் போகிறது. எந்த நொடியும் பிடித்து நிறுத்தலாம் என்று தெரிந்துகொண்டு ஒருவரை அவர் போக்கில் விடுவதும், வேறு வழியில்லாமல் அவரை நம்புவதும் ஒன்றல்ல.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டும்: அகினாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நகனாகி கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், தீராத நோய்க்காரன். இளஞ்சிவப்பு முதலையைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருப்பான். 2009-இல் அவன் பேச்சு வெறும் எழுத்து, படித்துவிட்டுப் பொத்தானை அழுத்திக் கடந்துவிடலாம். ரீலோடில் அவனுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். இடையிடையே வாங்குகிற மூச்சு கேட்கிறது. கடைசி ஞாயிறு அன்று கன்ட்ரோலரைத் தொடாமல் அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன். விடுதியில் தோழர்களோடு சமைப்பது, மாடியில் செடி வளர்ப்பது எல்லாம் புதிது, எல்லாம் அழகு. தோழன் ஷின்ஜிரோவோடு கிடைக்கிற கூடுதல் மாலைகளுக்காகவே இந்த ரீமேக்கைச் செய்திருக்கலாம்.

பிஎஸ்பியில் இருந்த பெண் நாயகியை விட்டுவிட்டது அநியாயம். ஃபெஸ் டிஸ்கிலேயே இருந்த பின்கதையைத் தனிக் காசுக்கு விற்றது அதைவிட அநியாயம்.

படம், குரல், இசை, வசதி எதை எடுத்தாலும் ரீலோட்தான் மேல். ஆனாலும் அக்கா மகனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பிஎஸ்2 இன்னும் ஓடுகிறது. மெமரி கார்டில், கதையின் கடைசிச் சண்டை நாளான 2010 ஜனவரி 31-க்கு முந்தின இரவில் நிறுத்திய சேவ் ஒன்று கிடக்கிறது. அதை மட்டும் தொடாமல், ஏப்ரலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.