ட்ராவல் ப்ளாக்கிங் கோர்ஸ், 11,999 ரூபா: மூணு வருஷம் கழிச்சு என் ரிவ்யூ

2022 நவம்பர்ல ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேந்தேன். ஊர் சுத்திக்கிட்டே, அத ப்ளாக்ல எழுதிப் போட்டு எங்க இருந்து வேணாலும் சம்பாதிக்கலாம்னு விளம்பரம், 8 வாரம், ஃபீஸ் 11,999. பேர் இங்க போடல, இதே மாதிரி கோர்ஸ் இப்ப ஏகப்பட்டது ஓடுது, பாடம் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால நீங்க எதுல சேரப் போறீங்கன்னாலும் இது உதவும். சேந்த வாரமே ரிவ்யூ போடுறவங்கதான் ஜாஸ்தி, பணம் வந்துச்சா இல்லையான்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. எனக்கு இப்பதான் தெரியும், அதான் இப்ப எழுதுறேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். வேர்ட்பிரஸ்னா சைட் கட்டுற சாஃப்ட்வேர், அந்தப் பாடம் எடுத்த பொண்ணு அவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுத்தாங்க. டொமைன், அதாவது சைட்டுக்கு ஒரு பேர் வாங்குறது, ஹோஸ்டிங்னு சைட்ட வெக்கிற வாடகை இடத்துல ஏத்துறது, படத்தோட சைஸ குறைச்சுப் போடுறது, இல்லன்னா மொபைல்ல பக்கம் தொறக்கவே தொறக்காதுன்னு காட்டுனது, எல்லாமே இன்னிக்கு வரைக்கும் கை குடுக்குது. நான் ராசிபுரத்துல ஒரு கடையில கணக்கு எழுதுறவ, கம்ப்யூட்டர்ல டேலி தவிர வேற எதுவும் தொட்டதில்ல, எனக்கே 10 நாள்ல ஒரு சைட் நின்னுச்சுன்னா அந்தப் பாடம் நல்ல பாடம். ஆனா ஹோஸ்டிங் முதல் வருஷம் சல்லிசா குடுத்துட்டு ரினியூவல்ல மூணு மடங்கு கேப்பாங்கன்னு யாரும் சொல்லல, அது எனக்கு ரெண்டாவது வருஷம் தலையில விழுந்துச்சு. வாங்கும்போதே ரினியூவல் ரேட் என்னன்னு பாத்துருங்க.

இப்ப குறை. அசைன்மென்ட்டே பாலியில பாக்க வேண்டிய 10 இடம்னு இங்கிலீஷ்ல எழுதச் சொன்னாங்க. பாஸ்போர்ட்டே எடுக்காதவங்க பாதிப் பேரு அந்த பேட்ச்ல. நெட்ல நாலு இடத்துல படிச்சு எல்லாரும் எழுதுனோம், நானும் ஆறு மாசத்துல இப்படியே 22 பதிவு போட்டேன், பாலி, துபாய், மாலத்தீவுன்னு. ஒரு நாளைக்கு 3 பேரு, 4 பேரு வருவாங்க. அந்த ஊர்லயே வருஷக்கணக்கா இருந்து எழுதுறவங்க இருக்காங்க, 2008ல இருந்தே எழுதுற நொமாடிக் மேட்ங்கற அமெரிக்க ப்ளாக்கர் மாதிரி ஆளுங்க இருக்காங்க, நம்ம ஷிவ்யா நாத் 2011ல வேலைய விட்டுட்டு நிஜமாவே ஊர் ஊரா போய் தங்கி எழுதுனாங்க, அவங்களுக்கு நடுவுல போகாத ஊருக்கு வழி சொல்றவள யாரு தேடி வருவாங்க. இத கோர்ஸ் நடத்துறவங்க முதல் வாரமே சொல்லியிருக்கணும். அதுல எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

அப்புறம் 2023 ஜூலைல வீட்டுக்காரரோட வண்டியில கொல்லிமலைக்குப் போனோம், எங்க ஊர்ல இருந்து பக்கம், சின்ன வயசுல இருந்து போற இடம். ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கும் மேல படி எறங்கணும், எறங்குறது சுலபம், திரும்பி ஏறுறதுதான் உயிர் போகும். பாதிப் படியில ஒரு அம்மா முட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க, மகன் கைய புடிச்சு தூக்கப் பாக்குறான், "இவ்ளோ படின்னு யாருமே சொல்லலையேப்பா"ன்னு அந்தம்மா திரும்பத் திரும்ப சொல்லுது. அன்னிக்கு ராத்திரியே தமிழ்ல எழுதுனேன். எத்தன படி, எங்கெல்லாம் உக்கார இடம் இருக்கு, முட்டி வலி இருக்கறவங்க கோயிலோட நின்னுக்கலாம், 70 கொண்டை ஊசி வளைவுல வாந்தி வர்ற புள்ளைங்களுக்கு என்ன பண்ணலாம், செம்மேட்டுல எங்க சாப்பிடலாம், இதெல்லாம். அந்த ஒரு பதிவு பழைய 22 பதிவையும் ஒரே மாசத்துல தாண்டிருச்சு.

இத நான் கோர்ஸ்ல கத்துக்கல.

வருமானத்துக்கு வரேன், எல்லாரும் கேக்குறது அதத்தான். நம்ம சைட்ல விளம்பரம் காட்டி காசு குடுக்குற கூகுள் ஆட்சென்ஸ் 2018ல இருந்து தமிழ் சைட்டுகளையும் ஏத்துக்குது, அதுக்கு முன்னாடி தமிழ்ல மட்டும் எழுதுறவங்களுக்கு அந்த வழி இல்ல. கணக்குல 10 டாலர் சேந்தா வீட்டு அட்ரஸுக்கு ஒரு லெட்டர் அனுப்புவாங்க. கவர் இல்ல, மடிச்சு ஒட்டின ஒரே பேப்பர், ஓரத்த கிழிச்சுப் பிரிச்சா உள்ள 6 இலக்க பின் நம்பர். சாதா தபால்ல வரும், ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால கதவு நம்பர், பின்கோடு ஒழுங்கா போடுங்க, முடிஞ்சா போஸ்ட்மேன் அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. 100 டாலர் சேந்தாதான் பணம், சேந்த மாசத்துக்கு அடுத்த மாசம் 21ல இருந்து 26 தேதிக்குள்ள அனுப்புவாங்க. எனக்கு அந்த முதல் 100 டாலர் சேர 14 மாசம் ஆச்சு. பேங்க்ல இருந்து ஃபோன் பண்ணி வெளிநாட்டுப் பணம் வந்துருக்கு, பர்ப்பஸ் கோடு, அதாவது எதுக்கு வந்த பணம்னு சொல்ற நம்பர், என்னன்னு கேட்டாங்க, நான் முழிச்சேன், விளம்பர வருமானத்துக்கு பி1007னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 11,999 வாங்குன கோர்ஸ்ல இதுக்கு ஒரு வரி இல்ல.

தமிழ் பக்கத்துக்கு ஒரு கிளிக்குக்கு வர்றது கம்மிதான், தமிழ் வாசகர தேடி விளம்பரம் குடுக்குற கம்பெனிங்க கம்மி, விளம்பர இடத்த கூகுள் ஏலத்துலதான் விடுது, அதுல போட்டி இல்லன்னா ரேட்டு ஏறாது. அதே பதிவ நான் இங்கிலீஷ்லயும் எழுதிப் போட்டேன், பெங்களூர்ல இருந்து வர்றவங்க படிக்கிறாங்க, ஆளு கம்மி ஆனா காசு தமிழ விட கூட வருது.

2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேணும்னு ஐகோர்ட் உத்தரவு வந்துச்சுல்ல, அப்ப ஜனங்க எல்லா மலைக்கும் பாஸ் வேணுமான்னு குழம்பிப் போய் தேடுனாங்க. கொல்லிமலைக்கு இ-பாஸ் வேணுமான்னு தலைப்பு வெச்சு, வேண்டாம், இப்போதைக்கு இந்த ரெண்டு ஊருக்குதான் வேணும், அதுக்கு எப்படி பதியறதுன்னு ஸ்கிரீன்ஷாட்டோட எழுதுனேன். என்னோட எல்லாப் பதிவுலயும் அதிகம் சம்பாதிச்சது இன்னிக்கு வரைக்கும் அதுதான்.

அஃபிலியேட், அதாவது நம்ம லிங்க் வழியா யாராவது வாங்குனா வர்ற கமிஷன், அதப் பத்தி கோர்ஸ்ல ரெண்டு வாரம் பாடம். அமேசான் லிங்க்க தொட்டதுல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள கார்ட்ல போடணும், அப்பதான் கமிஷன், மழைக் கோட்டு, டார்ச்னு மாசம் சில நூறு வருது. ஹோட்டல் லிங்க்ல ஆளு போய் தங்கி முடிச்சப்புறம்தான் கமிஷன், புக் பண்ணிட்டு கேன்சல் பண்ணா ஒண்ணுமில்ல. மலையில இருக்கற லாட்ஜுக்கு எல்லாரும் நேரா ஃபோன் போட்டுப் பேசிடறாங்க, அதனால எனக்கு இதுல பெருசா வரல.

ஓசி தங்கல் பத்தியும் சொல்லணும். ஒரு ரிசார்ட்ல இருந்து ரெண்டு நாள் இலவசம், நல்லபடியா எழுதுங்க, இலவசம்னு மட்டும் போடாதீங்கன்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். விளம்பர கவுன்சில் 2021லயே விதி போட்டுருக்கு, காசோ பொருளோ வாங்கிட்டு எழுதுனா அத வெளிப்படையா சொல்லணும்னு. 2022 ஜூலைல இருந்து வருமான வரியில ஒரு விதி வேற இருக்கு, வருஷத்துக்கு 20,000க்கு மேல இப்படி சலுகை வாங்குனா 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிக்கிற வரி. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் பேச்ச நம்பி வயசான அம்மாவக் கூட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப மாசம் எவ்ளோன்னா, ஆட்சென்ஸ் ரெண்டு மொழியும் சேத்து சராசரியா 5,000, லிங்க்ல 700 800, அது போக ப்ளாக்க படிச்சுட்டு ரெண்டு ஹோம்ஸ்டேக்காரங்க அவங்களோட சைட்டுக்கு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, அதுல 5,000. மொத்தம் 11,000 பக்கம். வேலைய விடல. எங்க இருந்தாலும்னு விளம்பரத்துல சொன்னது பாதி நெசம்தான், போன வருஷம் தங்கச்சி பிரசவத்துக்கு கோயமுத்தூர்ல ரெண்டு மாசம் இருந்தேன், ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து எழுதுனேன், வருமானம் நிக்கல, அது எனக்கு பெரிய விஷயம். ஆனா தாய்லாந்து போய் லேப்டாப்போட உக்காரலாம்னு கோர்ஸ் க்ரூப்ல பேசுறாங்களே, அதுக்கு தாய்லாந்து அரசாங்கம் 2024ல கொண்டாந்த டிடிவிங்கற விசாவுக்கு 5 லட்சம் பாட், அவங்க ஊர் காசு, கையிருப்பு காட்டணும், இங்க முதல் 100 டாலருக்கே 14 மாசம்.

கோர்ஸுக்கு 5க்கு 2 ஸ்டார், ரெண்டும் அந்த வேர்ட்பிரஸ் பாடத்துக்கு. வேர்ட்பிரஸ் பாடத்த மட்டும் தனியா 2,000, 3,000க்கு யாராவது சொல்லிக்குடுத்தா கண்ண மூடிக்கிட்டு சேருங்க. முழு கோர்ஸ்தான் வேணும்னா, சேர்றதுக்கு முன்னாடி பழைய ஸ்டூடன்ட் மூணு பேரோட சைட் அட்ரஸ் கேளுங்க, தொறந்து பாருங்க, கடைசிப் பதிவு எந்த மாசம்னு பாருங்க. எங்க பேட்ச்ல 40 பேரு, இன்னும் எழுதிட்டு இருக்கறது எனக்குத் தெரிஞ்சு 3 பேரு. ரீஃபண்ட் 7 நாளுக்குள்ள கேட்டாதான் தருவாங்க, பாலி அசைன்மென்ட் வர்றது மூணாவது வாரம்.