ஒரே தொகுதியில் நார்னியா: எந்தக் கதையிலிருந்து தொடங்குவது?

சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய, நார்னியா என்னும் கற்பனை உலகத்தின் கதைகள் ஏழையும் ஒரே அட்டைக்குள் சேர்த்துத் தரும் ஆங்கிலப் பதிப்பை, சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பு, என் 9 வயது மகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காக வாங்கினேன். ஏழு கதைகளிலும் சேர்த்து 110 அத்தியாயங்கள் உள்ளன. இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் வாசிப்பதும், அவளுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தித் தமிழில் சொல்வதுமாக இப்போது ஆறாவது கதைக்கு வந்திருக்கிறோம். இந்தத் தொகுதியை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தயங்காமல் வாங்குங்கள் என்பதே. ஆனால், அச்சிட்டிருக்கும் வரிசையில் வாசிக்காதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் நூலின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கல் போலக் கனமான புத்தகம் இது. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்து வாசிக்க இயலாது. எழுத்து சிறியது, உள்பக்க ஓரம் குறுகலாக இருப்பதால் நடுவில் அழுத்திப் பிடித்தால்தான் வரிகளின் கடைசிச் சொற்கள் தெரிகின்றன. அப்படி அழுத்தியதில் மூன்றாவது கதைக்குள்ளேயே என் பிரதியின் முதுகு மடிந்து வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. இவை குறைகள்தாம். ஆனால், பாலின் பேய்ன்ஸ் வரைந்த கோட்டோவியங்கள் உள்ளே இருக்கின்றன என்பதற்காக அவற்றை மன்னித்துவிட்டேன். பேய்ன்ஸ், லூயிஸின் நண்பரான எழுத்தாளர் டோல்கீனின் சிறிய நூல் ஒன்றுக்கு 1949இல் படம் வரைந்தவர். அதன் வழியாகத்தான் லூயிஸிடம் வந்தார். பனி மூடிய காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்துவரும் ஆட்டுக்கால் மனிதனை அவர் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், சொல்லும் கோடும் ஒரே கையிலிருந்து வந்தவை போலத் தோன்றும். தனக்குப் பதினாறு வயதிருக்கும்போது மனத்தில் தோன்றிய அந்த ஒரு காட்சியிலிருந்துதான் முழுக் கதையும் தொடங்கியது என்று லூயிஸ் எழுதியிருக்கிறார். போதனை ஒன்றை முதலில் முடிவு செய்து, அதற்குப் பிறகு கதை தேடியவர் அல்லர் அவர். முதலில் காட்சிகள் வந்தன, அவற்றுக்குள் அஸ்லான் என்ற சிங்கம் தானாகத் தாவி வந்தது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவ வாசகர்களாகிய நாம் இந்தக் கதைகளை நேசிக்கும்போது ஒரு தவறைச் செய்கிறோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேராக ஒரு வேதாகமப் பெயரை எழுதிவைத்து, கணக்கைத் தீர்த்துவிட்டது போலப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணம் என்ற கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாக்கி 1894இல் தந்தார். அந்த மரபில், குணங்களும் சோதனைகளும் ஆளாகவும் இடமாகவும் உருவெடுத்து வருகின்றன. அதை உருவகமாக வாசிப்பதே முறை. லூயிஸ் 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில், பன்யனின் கதையில் வரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனையே எடுத்துக்காட்டி, அஸ்லான் அவ்வகையானவர் அல்லர் என்று விளக்குகிறார். அந்த அரக்கன் ஒரு மனநிலைக்கு உருவகம். அஸ்லானோ ஒரு கேள்விக்கு விடை: நார்னியா என்றொரு உலகம் உண்மையிலேயே இருந்து, தேவகுமாரன் இங்கே மனிதனாக வந்ததுபோல் அங்கே சிங்கமாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த விடையை அறிய, நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. கதைக்குள் வாழ வேண்டும்.

வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் என்பதை என் மகளிடமிருந்து கற்றேன். சிங்கத்தைத் தமிழில் ‘அது’ என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘ஹி’ என்ற ஒரு சொல் போதும். தமிழில் கதை சொல்லும்போது ‘வந்தது’ என்பதா, ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு நானாக எதையும் ஊட்டிவிடக் கூடாது என்று, தொடக்கத்தில் வேண்டுமென்றே ‘சிங்கம் வந்தது’ என்று அஃறிணையிலேயே சொல்லிவந்தேன். ஓர் அலமாரி வழியாக நார்னியாவுக்குள் நுழையும் நான்கு உடன்பிறப்புகளில் ஒருவனான எட்மண்ட், இனிப்புக்கு ஆசைப்பட்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். துரோகிகள் அனைவரும் தனக்கே உரியவர்கள் என்று சூனியக்காரி சட்டத்தைக் காட்டி அவன் உயிரைக் கேட்கிறாள். அவனுக்குப் பதிலாகச் சிங்கம் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. பிடரி மயிரை மழித்து, வாயைக் கட்டி, கல்மேடையில் கிடத்துகிறார்கள். அந்த அத்தியாயத்தின் முடிவில் புத்தகத்தை மூடியபோது, மகள் கேட்டாள்: “அவர் திரும்பி வருவாராப்பா?” யாரும் சொல்லித்தராமல், ‘அது’ அவள் வாயில் ‘அவர்’ ஆகியிருந்தது.

மறுநாள் நான் ஏசாயா 53ஐ எடுத்துப் படித்தேன். ‘தன்னை மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போல’ என்ற வரியை எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். பழகிய காதுக்கு அது வெறும் ஓசையாக மாறி வெகுகாலம் ஆயிருந்தது. மழிக்கப்பட்ட சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தபின் அந்த வரி மீண்டும் உறைத்தது. லூயிஸ் எதிர்பார்த்ததும் இதைத்தான். ஆலயத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான் உணர வேண்டும் என்ற கட்டாயமே சிறுவயதில் தன் உணர்வை உறையவைத்தது என்றும், ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னலையும் ஞாயிறு பள்ளியையும் நினைவூட்டாத ஓர் உலகத்தில் அதே செய்தியை வைத்தால் அதன் முழு வலிமையும் வெளிப்படாதா என்றும் அவர் பின்னாளில் எழுதினார்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வரும் கதைதான் 1950இல் முதலில் வெளிவந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாக இளவரசன் காஸ்பியன், டான் ட்ரெடர் கப்பல் பயணம், வெள்ளி நாற்காலி, குதிரையும் அதன் சிறுவனும், மந்திரவாதியின் மருமகன் ஆகியவை வந்து, 1956இல் கடைசிப் போருடன் தொடர் முடிந்தது. ஆனால் 1994க்குப் பிறகு வந்த தொகுப்புகளில், நார்னியாவின் காலக்கணக்குப்படி, ஆறாவதாக வெளிவந்த மருமகன் கதை முதலாவதாகவும், ஐந்தாவதாக வந்த குதிரைக் கதை மூன்றாவதாகவும் இடம் மாறியிருக்கின்றன. என் கையிலிருக்கும் பதிப்பும் அப்படித்தான். இதற்கு ஆதாரமாக, 1957இல் ஒரு சிறுவனுக்கு லூயிஸ் எழுதிய கடிதத்தைக் காட்டுகிறார்கள். காலவரிசையே தனக்கும் பிடித்திருப்பதாக அதில் சொல்லும் லூயிஸ், எந்த வரிசையில் படித்தாலும் ஒருவேளை பெரிய வேறுபாடு இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறார். அன்பான ஒரு மனிதர் ஒரு குழந்தைக்கு எழுதிய பதிலை, எல்லாருக்குமான கட்டளையாக ஆக்கியது தவறு என்று நான் நினைக்கிறேன்.

காரணம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. அஸ்லான் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறார் என்று நீர்நாய் கிசுகிசுக்கும் இடத்தில், அஸ்லான் யார் என்று உங்களுக்குத் தெரியாதது போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி நம்மிடம் சொல்கிறார். ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நால்வருக்குள்ளும் ஏதோ நிகழ்கிறது. காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கு மட்டும் காரணம் தெரியாத திகில். அறியாத ஒருவருடைய பெயர், அவரைக் காணும் முன்பே நெஞ்சை அசைக்கும் அந்த அனுபவம், அச்சிட்ட வரிசையில் வாசித்தவருக்குக் கிடைக்காது. ஏனெனில் அவர் அதற்கு முன்பே, மருமகன் கதையில் அஸ்லான் பாடப்பாட நார்னியா உண்டாவதைப் பார்த்து முடித்திருப்பார். விசுவாசத்தின் வரிசையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சீஷர்கள் முதலில் அறிந்தது, தங்கள் படகில் ஏறி அமர்ந்தவரை. சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று என்று யோவான் எழுதியது அதற்கு வெகுகாலம் கழித்து.

மற்றக் கதைகளில் நான் நெடுநேரம் நின்றது இரண்டு இடங்களில். கப்பல் பயணத்தில் யூஸ்டஸ் என்ற சிறுவன் பேராசையால் டிராகனாக மாறிவிடுகிறான். தானே தன் தோலை உரித்து உரித்துப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அடியில் அதே செதில். கடைசியில் அஸ்லான் தம் நகத்தால் கிழிக்கும்போது, இதயம்வரை போய்விட்டதோ என்று வலிக்கிறது. பிறகு அவனைத் தண்ணீரில் எறிகிறார். ஞானஸ்நானம் என்ற சொல் எங்கும் இல்லை, இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். அதே கதையின் முடிவில், கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கும் வெண்ணிற ஆட்டுக்குட்டி, பிள்ளைகளைச் சாப்பிட அழைக்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே சிங்கமாகிறது. ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்ற யோவான் 21ஆம் அதிகாரத்தின் குரலும், யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று சொல்லக் கேட்டுத் திரும்பியவன் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியைக் காணும் வெளிப்படுத்தின விசேஷக் காட்சியும் அங்கே ஒன்றாகின்றன. உங்கள் உலகில் எனக்கு வேறு பெயர் உண்டு, அந்தப் பெயரில் என்னை அறியக் கற்றுக்கொள்ளவே நீங்கள் நார்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டீர்கள் என்கிறார் அஸ்லான். தொடர் முழுவதிலும் லூயிஸ் இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் இடங்கள் குறைவு.

சூனியக்காரியும் மாயமும் வரும் புத்தகத்தைக் கிறிஸ்தவ வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று நம் சபைகளில் கேட்பவர்கள் உண்டு. உபாகமம் 18ஆம் அதிகாரத்தை அவர்கள் காட்டும்போது நான் அதை அலட்சியமாகத் தள்ளுவதில்லை. ஆனால் கதையைப் படித்துப் பாருங்கள்: சூனியத்தைக் கையாளுகிறவர்களான வெள்ளைச் சூனியக்காரியும் மருமகன் கதையின் ஆண்ட்ரூ மாமாவும் பிறரைப் பயன்படுத்தி எறிகிறவர்களாகவே வருகிறார்கள்; லூயிஸ் ஆழ்ந்த மாயம் என்று அழைக்கும், துரோகிகளைப் பற்றிய அந்தச் சட்டமோ, நம் வழக்கில் நியாயப்பிரமாணம் என்று சொல்வதற்கு மிக அருகில் நிற்கிறது.

எனக்கு உண்மையிலேயே சங்கடம் தருவது வேறு. தெற்கேயுள்ள கலோர்மென் நாட்டவரைக் கறுத்த நிறமும் தலைப்பாகையும் வளைந்த வாளுமாக, பெரும்பாலும் கொடியவர்களாகவே லூயிஸ் தீட்டுகிறார். நம் நிறத்துப் பிள்ளை ஒருத்தி இதைப் படிக்கும்போது, அருகில் பெரியவர் ஒருவர் இருந்து பேச வேண்டும். அந்நாட்டு வீரன் எமெத்தைக் கடைசிக் கதையில் அஸ்லான் ஏற்றுக்கொள்கிறார்; எபிரெயத்தில் அந்தப் பெயருக்கு உண்மை என்று பொருள். அது ஓரளவு ஆறுதல்தான். முந்தைய பக்கங்களை அது அழித்துவிடுவதில்லை. அலமாரிக் கதையின் நால்வரில் ஒருத்தியான சூசனை, அதே கடைசிக் கதையில் உதட்டுச்சாயத்தையும் விருந்துகளையும் காரணம் காட்டி இரண்டு வரிகளில் வெளியே நிறுத்திவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இளம் பிள்ளைகள் தாங்களே வாசிக்க வேண்டுமென்றால், இந்தத் தொகுதியைவிடத் தனித்தனிப் புத்தகங்களே நல்லவை. எழுத்தும் பெரிதாக இருக்கும், கையிலும் நிற்கும். வாசித்துக் காட்டுகிற பெற்றோருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், சிறுவயதில் ஒன்றிரண்டைப் படித்துவிட்டு மறந்த பெரியவர்களுக்கும் இது போதும். வாங்கியதும் முதல் கதையைத் தாண்டி, அலமாரிக் கதையின் தொடக்கத்தில் ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள். அதன்பின் நான் மேலே சொன்ன வெளியீட்டு வரிசையிலேயே முன்னும் பின்னுமாகப் புரட்டிப் போங்கள். கனமான புத்தகத்தில் அது சற்றுத் தொல்லைதான்.

அப்படித்தான் நாங்கள் இப்போது மந்திரவாதியின் மருமகனுக்கு வந்திருக்கிறோம். நோயில் கிடக்கும் தாய்க்கு மருந்து கேட்டு நிற்கும் டிகரி என்ற சிறுவன், பயத்தோடு நிமிர்ந்து பார்க்கும்போது, சிங்கத்தின் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகளைக் காண்கிறான். லூயிஸின் தாய் 1908இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கும் 9 வயது. டிகரியின் தாயைக் குணமாக்கும் பழம் போன்ற ஒன்று, அவருடைய ஜெபத்துக்கு அன்று கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தை என்னால் சீராக வாசிக்க முடியவில்லை. மகள்தான் புத்தகத்தைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி மிச்சத்தைப் படித்தாள். அதற்கு இரண்டு நாள் முன்பு, அலமாரிக் கதையின் பனிக்காட்டில் நின்ற விளக்குக் கம்பம் மண்ணிலிருந்து முளைத்து எழும் இடம் வந்தபோது, “அப்பா, அந்தக் காட்டில் இருந்த விளக்கு!” என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.