கரும்பைப் பழுக்க வைக்கும் மருந்தா? முதலில் பில்லைக் கேளுங்கள்

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஆலைக் கரும்பு போட்டிருப்பவர்கள் கவனத்துக்கு. ஆலை தரும் வெட்டு உத்தரவு தள்ளிப்போகும் நேரம் பார்த்து, கரும்பைப் பழுக்க வைக்கும் மருந்து அடிக்கிறேன் என்று டிரோனும் கையுமாக ஒருவர் வருகிறார். தோகை காய்ந்துவிடும், வெட்டு ஆட்கள் முகம் சுளிக்காமல் வருவார்கள், சர்க்கரைச் சத்து ஏறும் என்று அடுக்குவார். என்னிடம் ஏக்கருக்கு 2,500 ரூபாய் வாங்கினார். பில் கிடையாது. கேனில் லேபிளைச் சுரண்டியிருந்தார்கள். கேட்டால் ‘கம்பெனி ரகசியம்’ என்று சிரிப்பு.

அடித்தது களைக்கொல்லி. உத்தரவு வருவதற்குள் குருத்து செத்து, மேல் கணுக்கள் சாறு வற்றி நெட்டியாகிவிட்டன. எடைமேடையில் பலத்த அடி. இதில் ஒரு கணக்கை அவர் சொல்லவே மாட்டார்: ஆலை நமக்குத் தருவது எடைக்குப் பணம். பிழிதிறன், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், ஆலை முழுவதற்குமான சராசரி. நம் கொல்லையில் மட்டும் சர்க்கரை கூடினால் நமக்கென்று தனியாகக் காசு வராது. எடை குறைந்தால் இழப்பு முழுக்க நம்முடையது.

அமெரிக்காவின் லூசியானாவில் கரும்பைப் பழுக்க வைக்க, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை மிகக் குறைந்த அளவில், வெட்டுக்குச் சில வாரம் முன்பு அடிக்கிறார்கள் என்பது உண்மைதான். அங்கே இயந்திர வெட்டு, நாள் குறித்துத்தான் தெளிப்பு. இங்கே நாள் குறிப்பது ஆலை. அடித்த மருந்து அதற்காகக் காத்திருக்குமா?

வெட்டிய தூரிலிருந்து மறுபடி முளைக்கும் மறுதாம்பைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. தளிர்கள் வெளிறி, புல்லைப் போல் மெலிந்து, கொத்துக் கொத்தாக நின்றன. பார்க்க வந்த வேளாண் அலுவலர், ‘கிளைபோசேட் வகை, வேர் வரை இறங்கியிருக்கிறது’ என்றார். பக்கத்துக் கொல்லை அண்ணன் இலைக்கென்று விட்ட வாழையிலும் சாரல் பட்டு, புது இலைகள் மஞ்சளடித்துக் குறுகி வந்தன. இலை வியாபாரி தொடக்கூட இல்லை. அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கிளைபோசேட் பயன்பாட்டுக்கு மத்திய அரசு 2022 அக்டோபரிலேயே கட்டுப்பாடு விதித்து அறிவிக்கை வெளியிட்டது. எந்தப் பூச்சிமருந்துக் கேனிலும் பதிவு எண், தொகுதி எண், காலாவதி தேதி, நச்சுத்தன்மை காட்டும் வண்ண முக்கோணம் இருந்தாக வேண்டும். பில் இல்லாததால் என் புகார் மனு அலுவலகத்தில் அப்படியே கிடக்கிறது.

அந்த ஆள் கைபேசி எண்ணை மாற்றிவிட்டார். இப்போது பாபநாசம் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. உங்கள் வரப்புக்கு வந்தால், டிரோன் மேலே எழும்புவதற்கு முன் கேனைப் படம் எடுத்து, வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.